போர்வை ஓரத்து உத்தியோகம்

அவருக்குப் பெற்றோர் யோசித்து யோசித்து வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலிலும் பல் டாக்டரின் சீட்டிலும் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் ‘அசையாதீங்க’. “அசையாதீங்க வந்தாச்சா?”, “அசையாதீங்க வீடு இதுதானே?” என்றுதான் கேட்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் ‘அசையாதீங்க சார்’ என்பார்கள்.

தொழில், கும்பல் போட்டோ. ஓய்வு பெறும் அதிகாரி நடு நாற்காலியில் இருப்பார். அவர் போவதில் உள்ள மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமல் ஊழியர்கள் சுற்றி நிற்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு. கோப்பை வாங்கிய அணி உண்டு. கோப்பை வாங்காத அணியும் உண்டு, அவர்கள்தான் இன்னும் விறைப்பாக நிற்பார்கள். பெட்டிக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையைக் கொடுத்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்வார். மேலாளரிலிருந்து காவலாளி வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு அலுவலகம் முழுவதும் ஒரே சமயத்தில் ஒரு உத்தரவுக்குக் கீழ்ப்படிவது அப்போது மட்டும்தான்.

இந்தக் கேமராவுக்குப் பிலிம் சுருளாக வராது. தாள் தாளாக, கறுப்புக் காகிதம் சுற்றி, அட்டைப் பெட்டியில் வரும். ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக ஒரு மரக் கூட்டுக்குள் செருகி வைக்க வேண்டும். கூட்டின் முகத்தில் இழுத்துத் திறக்கும் தகடு ஒன்று இருக்கும். கூட்டைக் கேமராவில் சொருகி, தகட்டை இழுத்து, படம் பிடித்து, தகட்டைத் திரும்பத் தள்ளினால் வேலை முடிந்தது. ஆனால் தாளைக் கூட்டுக்குள் செருகும் காரியம் மட்டும் முழு இருட்டில் நடக்க வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் பட்டாலும் தாள் பாழ்.

இதற்காக மற்றவர்கள் இருட்டறை வைத்திருக்கிறார்கள். அசையாதீங்க வீட்டில் அதற்கு வழியில்லை. முன்னறை ஜன்னல் கதவுகள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை. சமையலறைக்குக் கதவே கிடையாது. குளியலறை பின்பக்கம், மாடி வீட்டோடு பங்கு. அதன் தகரக் கதவில் இருந்த ஓட்டைகளிடம் நட்சத்திர வானம் தோற்கும். ஆரம்ப காலத்தில் ஒருமுறை பெட்டியும் கூடுமாக அங்கே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டம்மா கதவைத் தட்டி, “குளிக்கிறீங்களா, குடியேறிட்டீங்களா?” என்று கேட்டதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

மிச்சம் இருந்தது போர்வை. அவர் மனைவி தையல்காரி. கடைக்காரர்கள் கொடுக்கும் கால்சட்டைகளுக்கு வீட்டிலேயே ஓரம் மடித்துத் தைப்பவர். பழைய கோட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு அடைத்து அவர் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தவர்கள் குளிர் என்ற சொல்லையே மறந்துவிடுவார்கள். பட்டப்பகலில், கட்டிலின் நடுவே, பெட்டியையும் கூடுகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாதீங்க அதற்குள் போவார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கட்டிலில் ஒரு சிறு குன்று உட்கார்ந்து மூச்சு விடுவது போல இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், உள்ளே முழங்கை அசையும்போது வெளியே ஓரம் தூக்கும். ஓரம் தூக்கினால் வெளிச்சம். செங்கல் வைத்துப் பார்த்தார், சரிந்தது. தண்ணீர் வாளி வைத்துப் பார்த்தார், கவிழ்ந்தது. தேவைப்பட்டது, கனமானதும் நகராததும் கேள்வி கேட்காததுமான ஒரு பொருள்.

அப்படி ஒன்று தானாக வீடு தேடி வந்தது. மனைவியின் அண்ணன்.

மச்சான் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவராக இருந்தவர். முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவது வேலை. ஒரு நாள் நிர்வாகம், மனிதர்கள் தங்கள் பொத்தானைத் தாங்களே அழுத்திக்கொள்ளும் பக்குவத்தை அடைந்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தது. “நாலு நாள் இருந்துட்டுப் போறேன்” என்று ஒரு பையோடு தங்கை வீட்டுக்கு வந்தார். அந்த நாலு நாள் எப்போது முடியும் என்று கேட்கிற அநாகரிகம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு, கட்டில் ஓரம் காலியாகத்தான் இருந்தது.

பருமன், பொறுமை, நீண்ட அமர்வு அனுபவம். போர்வை ஓரத்து உத்தியோகத்துக்கு இதைவிடத் தகுதி யாருக்கு உண்டு? அன்றிலிருந்து அவர் ‘எடைக்கல்’. அந்தப் பெயரை வைத்ததும் அவரேதான்.

“மச்சான், உக்காந்தாச்சா?” என்று குன்றுக்குள்ளிருந்து குரல் வரும்.

“உக்காந்தாச்சு மாப்பிள்ளை. இனிமே பூகம்பம் வந்தாலும் என்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் வரணும்.”

“காலைத் தொங்கப் போடாதீங்க, இந்தப் பக்கம் தூக்குது.”

“உள்ள ஒரே இருட்டா இருக்கா?”

“இருக்கு.”

“நிம்மதியா இருக்கும். பொண்டாட்டி முகம், மச்சான் முகம் ஒண்ணும் தெரியாது.”

தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து தங்கை, “அண்ணே, வேலை நேரத்துல பேசாதீங்க” என்பார். எடைக்கல் உடனே முகத்தைக் கடமை வீரனைப் போல வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்.

கும்பல் போட்டோவுக்குப் போகும்போது கேமராவை நிறுத்தும் முக்காலியைச் சுமக்கவும் அவர் வருவார். எல்லாம் முடிந்து கும்பல் கலைந்ததும், அதிகாரி உட்கார்ந்த நடு நாற்காலியில் போய் உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். “மாப்பிள்ளை, சூடு ஆறுறதுக்குள்ள என்னையும் ஒண்ணு புடிங்க.”

இங்கேதான் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிலிம் தாள் சும்மா வருவதில்லை. அழுகிற குழந்தை, வாசல் காவலாளி, மேலாளரின் ஒன்றுவிட்ட தம்பி என்று ஆசைப்படுகிறவர்களுக்கெல்லாம் தாள் கொடுத்தால் தொழில் செய்ய முடியாது. ஆகவே தகட்டை இழுக்காமலே படம் பிடிப்பார்கள். துணிக்குள் தலை போகும், கை நீளும், சொல் வரும், கிளிக் என்று கேட்கும். தாளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. இதற்கு ‘வெறும் கிளிக்’ என்று பெயர். எடைக்கல்லுக்கு அசையாதீங்க கொடுத்தவை எல்லாம் வெறும் கிளிக்குகள். மச்சானும் ஒவ்வொரு முறையும் ஒரு மந்திரிக்குரிய கம்பீரத்தோடு, இமை கொட்டாமல் உட்கார்ந்து கொடுத்தார். பிரதி எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது அவருடைய பெருந்தன்மை என்று அசையாதீங்க நினைத்துக்கொண்டார்.

இனி உதடு.

பிலிம் தாளுக்கு ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் முதுகு. மருந்துப் பக்கம்தான் வெளியே பார்த்தபடி கூட்டுக்குள் போக வேண்டும். உயர்ந்த சரக்கில் மூலையில் ஒரு வெட்டு இருக்கும், தடவினால் பக்கம் தெரியும். அசையாதீங்க வாங்குவது பெரிய தாளை யாரோ வெட்டி விற்கும் சரக்கு. நாலு மூலையும் மொட்டை. விரலால் தேய்த்துப் பார்த்தால் ரேகை விழும். அதனால் கீழுதட்டை ஈரப்படுத்தி, தாளின் ஓரத்தை லேசாகத் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் மருந்து. ஒட்டாவிட்டால் முதுகு. அவருடைய கீழுதடு அந்த விஷயத்தில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

தண்ணீர் வாரியத்தில் ஒரு பெரிய பொறியாளர் ஓய்வு பெற்றார். அன்றைக்கென்று பார்த்து அசையாதீங்கவுக்குக் கடைவாய்ப் பல் வலி. காலையில் பல் டாக்டரிடம் போனார். டாக்டர் ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி, அதைக் காட்டி, “பாருங்க, எவ்வளவு நீளம்” என்று தன் சாமர்த்தியத்தைப் பாராட்டிக்கொண்டார். “மரப்பு சாயங்காலத்துக்குள்ள போயிடும்.”

வீட்டுக்கு வந்து போர்வைக்குள் போய் உதட்டை நனைத்துத் தாளைத் தொட்டால், உதடு அங்கே இல்லை. விரலால் தொட்டால் ரப்பர் போல ஏதோ தொங்கியது. ஒட்டுகிறதா, ஒட்டவில்லையா? யாரோ வேறு ஒருவருடைய வாயைக் கேட்பது போல இருந்தது.

“மச்சான்,” என்றார் உள்ளேயிருந்து. பஞ்சு அடைத்த வாயில் அது ‘மஹ்ஹான்’ என்று வந்தது. “உங்க உதட்டைக் கொஞ்சம் குடுங்க.”

வெளியே மெஷின் நின்றது.

“மாப்பிள்ளை, நம்ம உறவுல இதுக்கெல்லாம் இடம் இருக்கா?”

விஷயத்தை விளக்கியபின் நிர்வாகச் சிக்கல் ஒன்று எழுந்தது. எடைக்கல் உள்ளே வந்துவிட்டால் ஓரத்தில் யார் உட்காருவது? கடைசியில், உடம்பை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே அனுப்புவது என்று முடிவாயிற்று. இருட்டில் மாப்பிள்ளை தாளை நீட்ட, மச்சான் உதட்டை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

“ஒட்டுதா?”

“ஒட்டுது.”

“அடுத்தது. இது?”

“இதுவும் ஒட்டுது.”

“இது?”

“அருமையா ஒட்டுது மாப்பிள்ளை.”

அத்தனையும் முதல் தொடுதலிலேயே ஒட்டியது. பெட்டிக்குள் தாள்கள் தாறுமாறாகக் கிடக்கும், எல்லாமே சரியான பக்கம் இருக்க முடியாதே என்று அசையாதீங்கவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அன்று தாடையோடு மூளையும் பாதி மரத்திருந்தது. எடைக்கல்லும் ஒரு தகவலைச் சொல்லவில்லை. உள்ளே தலையை விடும்வரை அவர் வாயில் ஒரு பாகு மிட்டாய் இருந்தது. அந்த உதட்டில் அன்று இரும்புக் கம்பியே ஒட்டியிருக்கும்.

போட்டோ எடுத்தார்கள். கும்பல் கலைந்தது. எடைக்கல் வழக்கம்போல நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள். வாயில் இரண்டாவது மிட்டாய். அசையாதீங்க கடைசிக் கூட்டைச் சொருகி, வாய் குழறியதால் தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொல்லாமல், ஒரு கிளிக் கொடுத்துவிட்டுப் பையைக் கட்டினார். எடுத்த கூட்டின் மேல் சாக்பீஸ் கோடு போடுவது அவர் பழக்கம். அன்று எதன் மேலும் போடவில்லை.

பிலிம் கழுவிக் கொடுப்பவர் கடைவீதியில் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். இருட்டறை உள்ளவர் என்பதால் அவருக்கு ஊரில் யாருடைய ரகசியமும் தெரியும், யாரிடமும் சொல்லிவிடுவார். அவர் தண்ணீர் வாரியப் படங்களை நீட்டி, “என்ன சார், ஆவிகள் மாநாட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா?” என்றார்.

முதுகு வழியாக வெளிச்சம் வாங்கிய தாளில் படம் மங்கலாகத்தான் விழும். அதோடு இடம் வலம் மாறிப்போகும். பொறியாளருக்கு வகிடு எதிர்ப்பக்கம் போயிருந்தது. எல்லோர் சட்டைப் பையும் வலது மார்பில் இருந்தது. தப்பித்த தாள்களில் ஒன்றில் பொறியாளர் தும்முகிறார், இன்னொன்றில் கண்ணை மூடியிருக்கிறார். பொறியாளர் படத்தைப் பார்த்துவிட்டு, “இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் இங்க இருந்தேனாங்கிற சந்தேகம் எனக்கே வந்துடுச்சு” என்றார். தண்ணீர் வாரியத்தின் கதவு அசையாதீங்கவுக்கு அத்தோடு மூடியது. அதைப் பார்த்து வேறு சில கதவுகளும் மூடின.

அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “இனிமே என் போர்வை மேல உக்காராதீங்க” என்றார்.

எடைக்கல் கட்டில் ஓரத்திலிருந்து எழுந்தார். “சரி மாப்பிள்ளை” என்றார். ஜன்னல் பக்கத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். பணிநீக்கம் என்பது அவருக்குப் புதிதில்லை.

அதன்பின் அந்த வீட்டில் ஆண்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உப்பு வேண்டுமென்றால் அந்தக் கோரிக்கை தங்கை வழியாகப் போய் தங்கை வழியாகத் திரும்பியது. உதட்டு மரப்பும் போகவில்லை. இடது பாதி கீழுதடு அப்படியே நின்றது. டீ குடித்தால் மோவாயில் வழிந்த பிறகுதான் தெரியும். பல் டாக்டரிடம் போய்க் கேட்டார். “சில பேருக்கு நரம்பு கோவிச்சுக்கும், மாசக்கணக்குல ஆகும். சில பேருக்குத் திரும்பாமலும் போகலாம்” என்று டாக்டர் ஆறுதல் சொன்னார்.

அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம், எடைக்கல் ஜன்னல் நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டார். அவர் முன்னால் இருந்த டீ டம்ளரைத் தங்கை எடுக்கும்போதுதான் தெரிந்தது. அதுவரை அவர் உட்கார்ந்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

எல்லாம் நடந்தது. ஆட்கள் வந்தார்கள், தூக்கினார்கள், திரும்பினார்கள். அசையாதீங்க நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகிற ஆணைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

“அழுதுடுங்க சார், மனசு லேசாயிடும்,” என்றார் மாடி வீட்டம்மா.

“வரலைங்க.”

“முயற்சி பண்ணிப் பாருங்க.”

அவர் மரியாதைக்காக ஒரு முறை முயற்சி செய்தார். ஒன்றும் வரவில்லை. மாடி வீட்டம்மா ஏமாற்றத்தோடு டம்ளரைக் கீழே வைத்தார். அசையாதீங்க தன் மனதை உள்ளே தொட்டுப் பார்த்தார். உதட்டைப் போலவே இருந்தது. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது, வேறு தகவல் இல்லை. அவர் டீயைக் குடித்தார். மோவாயைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்தார். ஜன்னல் நாற்காலியைப் பார்த்தாலும் அப்படித்தான், பார்க்காவிட்டாலும் அப்படித்தான்.

பிறகு ஒரு நாள் மனைவி மெஷினிலிருந்து எழாமலே கேட்டார். “அண்ணன் போட்டோ ஒண்ணு வேணும்ங்க. மாட்டி வைக்க.”

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை எடுத்திருக்கீங்க! போற இடமெல்லாம் உக்கார வச்சு எடுத்தீங்களே. நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க.”

“பாக்கறேன்.”

ஊரில் உள்ள வழுக்கைகள் எல்லாம் அவர் அலமாரியில் இருந்தன. கலைக்கப்பட்ட துறைகள், மூடிப்போன கம்பெனிகள், தோற்ற அணிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. சொந்த மச்சானுடைய மூக்கு நுனிகூட அதில் இல்லை. எத்தனையோ கிளிக், ஒரு முகமும் இல்லை. பழைய அடையாள அட்டையாவது இருக்குமா என்று எடைக்கல்லின் பையைத் துழாவினார். லிஃப்ட் கம்பெனி அட்டையை வேலையோடு திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு சீப்பு, பாகு மிட்டாய்க் காகிதங்கள் இருந்தன.

முக்காலிப் பையின் அடியில் அந்தக் கடைசிக் கூடு கிடந்தது. ஆட்டிப் பார்த்தார். உள்ளே தாள் இருந்தது. தண்ணீர் வாரியத்து நடு நாற்காலி. அன்று தகட்டை இழுத்தாரா? பழக்கப்படி பார்த்தால் இழுத்திருக்கக் கூடாது. ஆனால் அன்று பழக்கப்படி எதுவும் நடக்கவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த இடத்தில் நினைவு ரப்பராக இருந்தது. மச்சானின் முகம் உலகத்தில் எங்காவது இருந்தால் அந்தக் கூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை.

கழுவுபவரிடம் கொண்டுபோனால் ஒரே நாளில் தெரிந்துவிடும். அதே நாளில் ஊருக்கும் தெரிந்துவிடும். ‘அசையாதீங்க சொந்த மச்சானையே ஏமாத்தியிருக்காரு சார்’ என்று கடைவீதி முழுக்கப் பேச்சாகும். அவர் இரண்டு பொட்டலம் மருந்துத் தூள் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். இளவயதில் பிலிம் கழுவக் கற்றிருந்தார். அதன்பின் தொட்டதில்லை.

மத்தியானம், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மூன்று தட்டுகளை வரிசையாக வைத்தார். ஒன்றில் படத்தை எழுப்பும் மருந்து, நடுவில் தண்ணீர், மூன்றாவதில் எழுந்த படத்தை நிலைநிறுத்தும் மருந்து. வீடெல்லாம் காடி நாற்றம். கூட்டை எடுத்துக்கொண்டு தட்டுகளோடு போர்வைக்குள் போனார். ஓரத்தைப் பிடிக்க ஆள் வேண்டும்.

“இங்க வந்து கொஞ்சம் உக்காரு.”

மனைவி ஊசியைத் துணியில் குத்திவிட்டு வந்து, போர்வை ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். மெலிந்த உடம்பு. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது. கடைசியில் கால் ரெண்டையும் அகல நீட்டி, கையில் இஸ்திரிப் பெட்டியையும் ஊன்றிக்கொண்டு ஒருவாறு அடைத்தார்.

“உக்காந்தாச்சா?”

“உக்காந்தாச்சு.”

“நான் சொன்னதும் எண்ணு. நிதானமா எண்ணணும். அறுநூறு வந்ததும் சொல்லு.”

அவர் தாளைக் கூட்டிலிருந்து உருவி மருந்துக்குள் தள்ளினார். “எண்ணு.”

மனைவி எண்ணத் தொடங்கினார். கால்சட்டைத் துணியில் தையல் எண்ணுகிற அதே குரல். உள்ளே அவர் தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். இருட்டு, புழுக்கம், மருந்து நெடி. வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்தது. மனைவி இருநூற்றுச் சொச்சத்தில் இருந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது.

“அதுல ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்.”

“...நாற்பத்தாறு, நாற்பத்தேழு. எதுல?”

“இந்தத் தாள்ல. உங்கண்ணனுக்கு நான் எடுத்தது எல்லாமே வெறும் கிளிக். ஒண்ணுகூட நிஜம் இல்ல.”

எண்ணுவது நின்றது. இருட்டுக்குள் அவர் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் கறை விழும்.

“தெரியும்,” என்றார் மனைவி.

“என்ன தெரியும்?”

“அண்ணன் சொல்லியிருக்காரு. தகட்டை இழுத்தா கிரீச்சுனு ஒரு சத்தம் வரும்ல. மத்தவங்களுக்கு வருது, எனக்கு மட்டும் வரலைன்னாரு. வந்த புதுசுலயே கண்டுபிடிச்சுட்டாரு.”

உள்ளே மருந்து அலம்பும் சத்தம் கேட்டது.

“தெரிஞ்சுமா உக்காந்தாரு?”

“உக்கார்றதுக்கு அவருக்குக் காரணம் வேற வேணுமா? ‘மாப்பிள்ளை பாவம், எனக்காக அவ்வளவு நடிக்கிறாரு. நான் கொஞ்ச நேரம் அசையாம இருந்தா என்ன’ன்னாரு.”

“அப்புறம் நீ ஏன் எங்கிட்ட போட்டோ கேட்ட?”

“எனக்கு வேணும். கேட்டா எங்கேயிருந்தாவது கொண்டு வருவீங்கன்னு கேட்டேன்.” இஸ்திரிப் பெட்டியை இன்னும் அழுத்தி ஊன்றினார். “தண்ணி ஆபீஸ்லேருந்து வந்த அன்னிக்குச் சொன்னாரு, இன்னிக்கு கிரீச்சுனு கேட்டுச்சுன்னு. சந்தோஷமா சொன்னாரு. நிஜமா, விளையாட்டான்னு தெரியல.”

“அவர் பேச்சை எப்படி நம்பறது? எல்லாமே ஒட்டுதுன்னு சொன்ன ஆளு.”

மனைவி சிரித்துவிட்டார். சிரித்ததில் இஸ்திரிப் பெட்டி சாய, அவசரமாக நிமிர்த்தினார். “ஐயோ, எதுல விட்டேன்? முந்நூறா?”

“இருநூத்தி நாற்பத்தேழு.”

“இருநூத்தி நாற்பத்தெட்டு,” என்று அவர் கணக்கு தவறாமல் மறுபடி தொடங்கினார். பேசிய நேரத்தை இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை. அறுநூறு என்று குரல் வந்தபோது தாள் மருந்தில் கணக்கைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடந்திருந்தது.

தண்ணீரில் அலசி, மூன்றாவது தட்டில் போட்டு, ஊறவிட்டு, போர்வையை விலக்கினார். வேர்வையில் நனைந்து, கண் கூசி, தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மனைவி எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

முதலில் நாற்காலிகள் தெரிந்தன. மங்கலாக, வரிசையாக, காலியாக. நடுவில் ஒன்று மட்டும் காலியாக இல்லை.

ஒழுங்கான மருந்து நேரத்தில் கழுவியிருந்தால் அதுகூட வந்திருக்காது என்று பிற்பாடு கழுவுபவர் சொன்னார். அவரிடம்தான் படத்தைக் காகிதத்தில் பதிக்கக் கொடுத்தார்கள். “கூட நேரம் கிடந்ததுல ஏதோ எழும்பியிருக்கு. பின்பக்கமா எடுத்திருக்கீங்க, திருப்பிப் போட்டுத் தரட்டா? இடம் வலம் சரியாயிடும்.”

அசையாதீங்க மனைவியைப் பார்த்தார். “இருக்கட்டும்,” என்றார் மனைவி. “அவர் கண்ணாடியில தன்னைப் பாத்தது இப்படித்தானே.”

ஆகவே சுவரில் எடைக்கல் சட்டைப் பையை வலது பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வந்த உறவினர்கள் நெருங்கிப் போய்ப் பார்த்து, தூர நின்று பார்த்து, “இது அவர்தானா?” என்றார்கள். முகத்தில் வாய் இருக்க வேண்டிய இடம் கலங்கியிருக்கிறது. மிட்டாய் மென்றதுதான் காரணம். யாரும் ‘அசையாதீங்க’ என்று சொல்லவில்லை, அவர் மென்றார். ஆனால் தோள்களும் தொடைகளும் நாற்காலிக் கைகளில் கிடக்கும் கைகளும் தெளிவாக இருந்தன. “உக்காந்திருக்கிறதைப் பாருங்க,” என்றார் தங்கை. “வேற யாரு இப்படி உக்காருவா?” அதன்பின் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அசையாதீங்க அழவில்லை. படத்தை மாட்டும் ஆணி சுவரில் நேராக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். உதடு அப்படியே இருந்தது.

ஒரு கால்பந்து அணியிடமிருந்து அழைப்பு வந்தது. கோப்பை வாங்காத அணி. மத்தியானம் போர்வையை எடுத்தார். உதட்டின் வலது பாதியில் இப்போது அவர் தாளைத் தொடப் பழகியிருந்தார். அதுவும் சில சமயம் சந்தேகமாகத்தான் பதில் சொல்லும். உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் முன் சுற்றிலும் பார்த்தார். மனைவி உட்கார்ந்திருந்ததற்கு எதிர்ப்பக்க ஓரத்தில் கோடாக வெளிச்சம்.

“அந்தப் பக்கம் தூக்குது.”

“இருங்க,” என்று மனைவி எழுந்து போனார். அடுப்படியில் ஏதோ தேடுகிறார் என்று அவர் நினைத்தார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, சுவரிலிருந்து எதையோ இறக்கும் சத்தம் கேட்டது. கனமான மரச்சட்டமும் கண்ணாடியுமாக அது எதிர்ப்பக்க ஓரத்தில் வந்து அமர்ந்தது. வெளிச்சக் கோடு அணைந்தது. இந்தப் பக்கம் மனைவி தன் இடத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, இஸ்திரிப் பெட்டியை ஊன்றிக்கொண்டார்.

இருட்டில் அவர் கொஞ்ச நேரம் பெட்டியைத் திறக்காமல் இருந்தார்.

“உக்காந்தாச்சா?” என்றார் பிறகு.

“ரெண்டு பேரும் உக்காந்தாச்சு.”